அம்மாவுக்கு ஏற்ற நாள்காட்டிச் செயலி எது?

வணக்கம் நண்பர்களே. அம்மாவின் ஆண்ட்ராய்டு போனுக்கு நல்ல தமிழ் நாள்காட்டிச் செயலி ஒன்று வேண்டும். இப்போது இருப்பதில் ராகு காலம் பார்க்கத் தொட்டால், உடனடிக் கடன் விளம்பரம் திரை முழுவதும் விரிகிறது. அதை மூடும் பெருக்கல் குறியோ கடுகளவு. தேடிப் பிடிப்பதற்குள் எமகண்டமே வந்துவிடும்! போதாததற்கு, தொடர்பு எண்களைப் படிக்கவும் அனுமதி கேட்கிறது. திதி சொல்வதற்கு என் மாமாவின் எண் எதற்கு?

‘வேர் இஸ் மை டிரெயின்’ செயலி, ரயிலுக்குள் இருக்கும்போது இணையம் இல்லாமலே, செல்போன் கோபுரங்களை வைத்து ரயில் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. அதுபோல இதுவும் இணையம் இல்லாமல் இயங்க வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். திதி, நட்சத்திரம், முகூர்த்த நாள் போதும். ராசிபலன் வேண்டவே வேண்டாம், அதைப் படித்தால் அன்றைக்கு முழுவதும் எனக்குத்தான் உபதேசம். விளம்பரத்தை நீக்க ஒருமுறை பணம் கட்டத் தயார், மாதச் சந்தா கூடாது. பயன்படுத்துகிறவர்கள் பெயரைச் சொல்லுங்கள்.