யூத மார்க்கத்துக்கு வந்துட்டேன், இஸ்ரேல் போய் எங்க ஜனத்தோட வாழ வழி இருக்கா?

கேட்டவர்: ஓடி_கடலூர்

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் ஓ.டி பக்கம், ஹார்பர்ல மீன் லோடு ஏத்துற வேலை. முன்னாடி பெந்தெகொஸ்தே சபை, பழைய ஏற்பாட்டையே திரும்பத் திரும்பப் படிச்சு இப்ப மனசார யூத மார்க்கத்த ஏத்துக்கிட்டேன். சனிக்கிழமை வேலைக்குப் போறதில்ல, அதனாலயே மேஸ்திரி மத்த நாளும் சரியா கூப்பிடறதில்ல, இறா நண்டெல்லாம் வீட்டுல சேக்கறதில்ல, சபைக்காரங்க பேச்ச நிறுத்திட்டாங்க. வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சா விளக்கேத்தி நானும் வீட்டுக்காரியும் மட்டும் உக்காந்து ஜெபம் பண்றோம். கூட்டு ஜெபத்துக்கு பத்து ஆம்பளைங்க வேணுமாம், இங்க நான் ஒருத்தன்தான். அந்த பத்துப் பேரோட நின்னு சத்தமா சொல்லணும்னு அவ்ளோ ஏக்கமா இருக்கு. ஏஜென்ட் ஒருத்தர் ஒன்றரை லட்சம் குடுத்தா மாறின சர்டிபிகேட்டு, விசா, குடியுரிமை எல்லாம் வரும்ங்கறார். வீட்டுக்காரி தாலி செயின வச்சிடலாம்ங்கறா. கட்டலாமா?

பதில்: நெல்லித்தோப்பு_வக்கீல்

அண்ணே, ஒரு ரூபா கூட குடுக்காதீங்க. அங்க 1950ல வந்த திரும்பும் உரிமைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, 1970ல திருத்தினப்ப மதம் மாறி வந்தவங்களையும் யூதர்னு சேத்தாங்க, அதனால உங்க ஆசை நடக்காத ஆசை இல்ல. ஆனா ஒரு யூத சமூகத்தோட சேந்து வாழ்ந்து, படிச்சு, ரப்பிகள், அதாவது யூத மத குருமார், மூணு பேர் உக்கார்ற சபை முன்னாடி நின்னு, விருத்தசேதனம்ங்கற சுன்னத்து, முழுக்கு எல்லாம் முடிச்சாதான் அது மாற்றம். தனியா வீட்டுல ஏத்துக்கிட்டத அரசாங்கம் கணக்குல எடுக்காது. விலைக்கு வாங்கின சர்டிபிகேட்ட காட்டி மாட்டினா அப்புறம் உண்மையா போனாக்கூட நம்ப மாட்டாங்க.

பதில்: கேர்கிவர்_பாண்டி

நான் அங்க வயசானவங்கள பாத்துக்கற வேலைல இருந்தேன். வேலை விசால போயி அப்படியே தங்கிடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, விசா முடிஞ்சா கிளம்பணும்.

பதில்: ஓடி_கடலூர்

அப்ப எந்த சமூகத்தோட போய் சேர்றதுண்ணே? இங்க யாரும் இல்லியே.

பதில்: நெல்லித்தோப்பு_வக்கீல்

மும்பை, தானே பக்கம் பெனே இஸ்ரேல் யூதர்கள் தலைமுறை தலைமுறையா இருக்காங்க, ஜெப ஆலயம் இருக்கு, பத்துப் பேரும் அங்க கூடுவாங்க. பாண்டிலேர்ந்தே தாதருக்கு சாளுக்யா எக்ஸ்பிரஸ் போகுது. முன்கூட்டியே லெட்டர் போட்டு அனுமதி கேட்டுட்டுப் போங்க. முதல்ல வேணாம்னுதான் சொல்லுவாங்க, வர்றவர் மனசு உறுதியான்னு பாக்க அது அவங்க பழைய வழக்கம், அதுக்காக திரும்பிடாதீங்க. பழைய ஏற்பாட்டுல மோவாப் தேசத்துலேர்ந்து வந்து யூத ஜனத்தோட சேந்த ரூத்தும் ஏழைதானே, மாமியார் நகோமியப் புடிச்சுக்கிட்டுதான் பெத்லகேம் போனா, போயும் வயல்ல சிந்தின கதிர் பொறுக்கித்தான் சாப்பிட்டா. உங்களுக்கும் மொதல்ல கூட நிக்க ஆள் வேணும்ணே, தேசம் அப்புறம். வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டுப் போங்க, அவங்களும் தனியா மாறணும். செயின் கழுத்துலயே இருக்கட்டும். லெட்டர் எழுத நான் உதவறேன், இன்பாக்ஸ்ல வாங்க.