அனுபவப் பகிர்வு: ஒரு கடிதம் உங்களை எப்போது நிமிர வைத்தது?

தொடங்கியவர் (விழுப்புரம் மாவட்டம்)

திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம் நடப்பது எல்லோருக்கும் தெரியும். வாசலுக்கு வெளியே மரத்தடியில் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு மனு எழுதித் தருகிற பெரியவர்களையும் பார்த்திருப்பீர்கள். கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில் அப்படி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் எழுதிக் கொடுத்தேன். அவருக்குக் கண் மங்கிப் போயிருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன்.

ஒருநாள் ஒரு அம்மா வந்தார். அவர்கள் காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. வாய்க்காலுக்குள் இறங்கித்தான் பாடையைத் தூக்கிப் போக வேண்டும். சொல்ல ஆரம்பித்தவருக்கு நிறுத்த முடியவில்லை. வரப்பில் நடக்கக்கூடாது என்று தடுத்தவர்கள், மழைக்காலத்தில் அப்பாவைத் தூக்கிப் போனபோது இடுப்பளவு தண்ணீர், கூட வந்த சின்னப் பையன் வழுக்கி விழுந்தது, எல்லாம் வந்தது. பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, கடைசியில என்ன வேணும்னு எழுதட்டும்?" என்றார்.

அந்த அம்மா பேசாமல் இருந்தார். அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை என்று எனக்குப் பட்டது. ஊரில் கேட்டதெல்லாம் "என்ன பிரச்சனை பண்றீங்க?" என்பதுதான். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "பாதை வேணும்னு எழுதுங்கய்யா. எங்கப்பாவ தண்ணியில தூக்கிட்டுப் போனதையும் எழுதுங்க. அது இல்லாம பாதைன்னு மட்டும் எழுதினா ரோடு கேக்குற மாதிரி இருக்கும்."

"நீளமா இருந்தா படிக்க மாட்டாங்கம்மா" என்றார் பெரியவர். அம்மா விடவில்லை. பொருள்: மயானப் பாதை அமைத்துத் தர வேண்டுதல். அதற்குக் கீழே முழுப் பக்கத்துக்கு அவர் அப்பாவின் கடைசிப் பயணம். 'இப்படிக்கு' என்ற இடத்தில் கைநாட்டு வைக்கப் போனவர், பேனாவை வாங்கித் தன் பெயரைத் தானே எழுதினார். மகளிர் குழுவில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டாராம்.

அளப்பதற்கு ஆள் வந்தது. பாதி தூரத்துக்கு மண் கொட்டினார்கள். மீதிக்கு இன்னும் மனு போய்க்கொண்டிருக்கிறது. இப்போது எழுதுவது அந்த அம்மாவின் மகள். நீங்கள் எழுதிய, படித்த கடிதங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஆசிரியை, ஓசூர்

நீங்கள் சொன்ன அந்த அம்மா "அதையும் எழுதுங்க" என்றாரே, அதைப் படித்ததும் சாவித்ரிபாய் புலேதான் எனக்கு நினைவுக்கு வந்தார். புனேவில் 1848இல் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தியவர் என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். கணவர் ஜோதிராவுக்கு அவர் எழுதிய மூன்று கடிதங்கள் கிடைத்திருக்கின்றன: 1856, 1868, 1877. அவருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவரே ஜோதிராவ்தான். கற்றுக்கொடுத்தவருக்கே எழுதிய கடிதங்களில், "எப்போது வருவீர்கள்" என்கிற ஏக்கத்தைவிட ஊர் நியாயம்தான் அதிகம்.

முதல் கடிதம் எழுதும்போது உடம்பு சரியில்லாமல் பிறந்த ஊரான நாய்காவில் இருக்கிறார். உடன்பிறந்த சகோதரர்தான் பார்த்துக்கொள்கிறார். அதே சகோதரர், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மகர், மாங் சாதி மக்களுக்குப் படிப்புச் சொல்லித் தருவதால் குடும்பத்துக்குக் கெட்ட பெயர் என்று குறைப்படுகிறார். சாவித்ரிபாய் திருப்பிக் கேட்கிறார்: ஆட்டையும் மாட்டையும் ஆசையோடு தொடுகிறாய், நாக பஞ்சமிக்குப் பாம்பைப் பிடித்துப் பால் வார்க்கிறாய், உன்னையும் என்னையும் போன்ற மனிதர்கள் மட்டும் தீட்டா? தன்னைப் பராமரிக்கிற சகோதரரிடம், அவர் வீட்டில் படுத்துக்கொண்டே இப்படிக் கேட்பதற்கு எவ்வளவு தெளிவு வேண்டும்! அந்த வாக்குவாதத்தை அப்படியே கணவருக்கு எழுதி வைக்கிறார். தான் நிற்கும் இடம் சரிதான் என்று தனக்கே ஒருமுறை உறுதிசெய்துகொள்வது போலத்தான் எனக்கு அது படுகிறது.

என்னை உலுக்கியது 1868ஆம் ஆண்டுக் கடிதம். ஊர் ஊராகப் போய்ப் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லும் கணேஷ் என்ற பிராமண இளைஞனும், சார்ஜா என்ற மகர் பெண்ணும் விரும்புகிறார்கள். அவள் ஆறு மாதக் கர்ப்பிணி என்று தெரிந்ததும் ஊர்க்காரர்கள் இருவரையும் தெருவில் இழுத்துப்போகிறார்கள், கொன்றுபோட. சாவித்ரிபாய் ஓடிப்போய்க் குறுக்கே நிற்கிறார். கொலை செய்தால் ஆங்கிலேயர் சட்டம் சும்மா விடாது என்று எச்சரிக்கிறார். ஊரைவிட்டு இருவரும் போய்விட வேண்டும் என்ற அளவில் கூட்டம் இறங்கிவருகிறது. அந்த இருவரையும் உங்களிடம் அனுப்பிவைக்கிறேன் என்று கணவருக்கு எழுதுகிறார். வேறென்ன எழுத, என்று முடித்துவிடுகிறார்.

ஒன்பதாம் வகுப்பில் இதை வாசித்துக் காட்டினேன். எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் இதே காரணத்துக்காகக் கொலை நடக்கிறது, பிள்ளைகளுக்குத் தெரியும். வகுப்பு முடிந்து ஒரு மாணவி கேட்டாள், "டீச்சர், அவங்க ஏன் கலெக்டருக்கு எழுதல, வீட்டுக்காரருக்கு எழுதினாங்க?" அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில்: புகலிடம் தரக்கூடியவர் யாரோ அவருக்கு எழுதினார். தேவைப்பட்டபோது கலெக்டரிடமும் பேசியிருக்கிறார். 1877 பஞ்சத்தில் ஜுன்னர் பக்கம் ஓதூரில் இருந்து எழுதிய கடிதத்தில் அது வருகிறது. பிடித்துவைத்த, ஜோதிராவ் தொடங்கிய சத்ய சோதக் சங்கத்தின் தொண்டர்களை விடச் சொல்லி வாதாடுகிறார். விடுவித்ததோடு கலெக்டர் நாலு வண்டி சோளமும் அனுப்பிவைக்கிறார்.

வாசகர், திருச்சி

எங்கள் மாவட்டத்து விரகாலூரில் பிறந்தவர் ஸ்டேன் சுவாமி. ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்த பாதிரியார். 2020 அக்டோபரில் ராஞ்சியில் கைதானபோது வயது 83. நடுக்குவாத நோய். டம்ளரைப் பிடிக்க முடியாமல் உறிஞ்சிக் குடிக்கும் குவளை கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. அந்தச் செய்தி வந்தபோது நாடெங்கும் பலர், மும்பை அருகே அவரை அடைத்துவைத்திருந்த தலோஜா சிறைக்குத் தபாலில் குவளை அனுப்பினார்கள். அதுவும் ஒரு கடிதம்தான் என்பேன்.

அவர் சிறையிலிருந்து நண்பர்களுக்கு எழுதியவற்றைப் படித்துப் பாருங்கள். தன் நோயைப் பற்றிப் புலம்பல் கிடையாது. கூட இருப்பவர் சாப்பிட உதவுகிறார், இன்னொருவர் குளிக்க உதவுகிறார் என்று நன்றியோடு சொல்கிறார். அதோடு, தங்கள் மேல் என்ன குற்றச்சாட்டு என்றே தெரியாமல், குற்றப்பத்திரிகையைக் கண்ணால் பார்க்காமல், வக்கீல் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கிற ஏழை விசாரணைக் கைதிகளைப் பற்றி எழுதுகிறார். கூண்டுப் பறவையாலும் பாட முடியும் என்பது அவர் வாக்கு. 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் கிடைக்காமலே, மருத்துவமனையில் இறந்துபோனார்.

அந்தக் கடிதங்களைப் படித்த பிறகுதான் எங்கள் வாசகர் வட்டத்தில் சட்ட உதவி மையம் என்றால் என்ன, விசாரணைக் கைதிக்கு இலவச வக்கீல் எப்படிக் கேட்பது என்று கற்றுக்கொள்ள ஆரம்பித்தோம். ஒரு முதியவரின் கடிதம் எங்களுக்குக் கொடுத்த வேலை அது.

உறுப்பினர், கோவை

என்னுடையது வீட்டுக்குள்ளேயே நடந்தது. என் கல்யாணப் பத்திரிகையில் எல்லார் பெயருக்குப் பின்னாலும் சாதிப் பட்டம் போடுவதாக இருந்தது. பெரியப்பாதான் எங்கள் வீட்டில் பெரியவர். நேரில் பேசினால் குரல் உயரும், அம்மா அழுவார். அதனால் எழுதினேன்: "அன்புள்ள பெரியப்பாவுக்கு, என் பெயர் வரும் இடத்தில் பெயர் மட்டும் இருக்கட்டும்."

அடுத்த வரி 'ஏனென்றால்' என்று தொடங்க வேண்டியிருந்தது. அங்கேதான் இரண்டு இரவு போனது. "இது பழைய காலமில்லை" என்று எழுதி அடித்தேன். அது எல்லாரும் சொல்வது. என் கூடவே வேலை பார்க்கும் தோழி அந்தப் பத்திரிகையைக் கையில் வாங்கும்போது அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்று எழுதினேன். என் காரணம் அதுதான் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

பெரியப்பா பதில் எழுதவில்லை. பத்திரிகை வந்தது. எனக்கும் மாப்பிள்ளைக்கும் பெயர் மட்டும். மற்ற எல்லாருக்கும் பட்டத்தோடு. வருகிற தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். பெற்றோர் பெயருக்குப் பின்னாலும் வேண்டாம் என்று இந்த முறை அவளே எழுதுகிறாள். வரைவை எனக்கு அனுப்பியிருக்கிறாள், 'ஏனென்றால்' வரை வந்திருக்கிறது.