பள்ளி லேபுக்குப் புதுக் கண்ணாடிச் சாமான்: எதை முதலில் மாற்றலாம்?

கெடிலக்கரை:
வணக்கம். கடலூர் முதுநகர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். பழைய மாணவர்கள் சேர்ந்து லேபுக்கென்று ஒரு தொகை தருகிறார்கள். பெரிய தொகை இல்லை, ஆனால் இப்படி அடிக்கடி வராது. டிஜிட்டல் பிஎச் மீட்டர், ஸ்மார்ட் போர்டு என்றெல்லாம் பேச்சு ஓடுகிறது. எனக்கு என்னவோ பிள்ளைகள் தினமும் கையில் பிடிக்கிற சாமான்தான் முதலில் மாற வேண்டும் என்று படுகிறது. கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பியூரெட்டுகளில் பாதிக்கு, அடியில் திருப்பித் திறக்கும் ஸ்டாப்காக் இறுகிக் கிடக்கிறது, மீதி சொட்டுகிறது, சிலவற்றுக்கு நுனியே இல்லை. குறிப்பிட்ட அளவு கரைசலை உறிஞ்சி எடுக்கும் பிப்பெட்டை இன்னும் வாயால்தான் உறிஞ்சுகிறார்கள். உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சால்ட் அனாலிசிஸ் நாளில் டெஸ்ட் ட்யூப் பட்டுப் பட்டென்று விரிசல் விடுகிறது. ஸ்டாண்டு, கிளாம்ப் எல்லாம் கடல் காற்றில் துருவேறி ஸ்க்ரூ திரும்ப மாட்டேன் என்கிறது. எதில் தொடங்கலாம்? இன்னொன்றும் தெரிய வேண்டும்: ஒரே கரைசலுக்குப் பக்கத்துப் பக்கத்து மேசையில் அரை மி.லி. வித்தியாசம் வருகிறது, இது சாமானாலா, பிள்ளைகள் ரீடிங் பார்க்கிற விதத்தாலா?

லாஸ்பேட்டை லேப்:
டீச்சர், யோசிக்கவே வேண்டாம், பியூரெட்டில் தொடங்குங்கள். கண்ணாடி ஸ்டாப்காக் இறுகுவது பெரும்பாலும் சோடியம் ஹைட்ராக்சைடால்தான். காரம் கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும், இடுக்கில் தங்கிய கரைசல் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கார்பனேட்டாகக் காய்ந்துவிடும், லீவு முடிந்து வந்து திருப்பினால் அசையாது. ஸ்டாப்காக்கில் திருப்புகிற சாவி டெஃப்லான் பிளாஸ்டிக்கில் இருக்கும் பியூரெட்டில் இந்தத் தொல்லை இல்லை. கிரீஸ் போட வேண்டாம், காரமோ பெர்மாங்கனேட்டோ டெஃப்லானை ஒன்றும் செய்யாது. ஆனால் பழைய பியூரெட்டுக்கு டெஃப்லான் சாவியை மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கண்ணாடிச் சாவியின் சரிவு 1:10, டெஃப்லானுக்கு 1:5, உட்காரவே உட்காராது. வேலை முடிந்ததும் நட்டைச் சற்றுத் தளர்த்தி வைக்கப் பழக்குங்கள். இறுக்கியே வைத்திருந்தால் டெஃப்லான் நசுங்கி வடிவம் மாறி, அப்புறம் அதுவும் ஒழுகும்.

இறுகிப் போனதைத் தூக்கி எறிய வேண்டாம். வெந்நீரில் ஊற வைத்தும் வரவில்லை என்றால், ஸ்டாப்காக்குக்கு மேலே அறுத்து, முனையைச் சுடரில் மழுக்கி, ரப்பர் குழாய், அதை நசுக்கிப் பிடிக்கும் பின்ச் கிளிப், ஒரு கண்ணாடி நுனி போட்டுவிடுங்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் மோர் என்ற வேதியியலாளர் செய்த ஏற்பாடுதான் இது, காரத்துக்கு இன்றைக்கும் நன்றாகவே ஓடும். பெர்மாங்கனேட், அயோடின் இரண்டையும் மட்டும் அதில் ஊற்றக் கூடாது, ரப்பரைத் தின்றுவிடும்.

காலாப்பட்டு மாணவி:
மேடம், என் கருத்தில் பியூரெட்டுக்கும் முன்னால் பிப்பெட். வாயால் உறிஞ்சுவதை இந்த வருஷத்தோடு நிறுத்திவிடுங்கள், ப்ளீஸ். ஆக்சாலிக் அமிலமும் காரமும் வாய்க்குள் போகிற ஆபத்தைப் பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் விடவே கூடாது. மூன்று வால்வு ரப்பர் பல்ப் வாங்கலாம், ஆனால் உள்ளே அமிலம் ஏறிவிட்டால் ரப்பர் சீக்கிரம் வெடித்துப்போகும். சக்கரம் வைத்த பிளாஸ்டிக் பம்ப் பிள்ளைகள் கைக்கு எளிது. நீலம் 2 மி.லி., பச்சை 10 மி.லி., சிவப்பு 25 மி.லி. வரைக்கும், உங்கள் 20 மி.லி. பிப்பெட்டுக்குச் சிவப்பு.

அரை மி.லி. விஷயம்: 50 மி.லி. பியூரெட்டில் துல்லியம் குறைந்த பி தரத்துக்கே அனுமதிக்கப்பட்ட பிழை 0.1 மி.லி.தான், ஆகவே பியூரெட்டின் தரத்தைக் குறை சொல்ல முடியாது. நுனி உடைந்ததைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். நுனி அகன்றுவிட்டால் கரைசல் வேகமாக இறங்கும், சுவரில் ஒட்டியது பின்னால் மெதுவாக வடியும், அதற்குள் ரீடிங் எடுத்துவிடுவார்கள். மேலே புனலை எடுக்காமல் விடுவது, நுனியில் காற்றுக் குமிழி, கண் மட்டத்தில் பார்க்காதது எல்லாம் அதோடு சேரும். தராசு இருந்தால் சோதித்துவிடலாம். நம் ஊர்ச் சாமான்களில் பெரும்பாலும் 27 டிகிரி என்று அச்சிட்டிருக்கும், அந்த வெப்பநிலையில் 10 மி.லி. காய்ச்சி வடித்த நீர் தராசில் 9.95 கிராமை ஒட்டி நிற்க வேண்டும். நிற்காத பியூரெட்டைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

சில்வர்பீச்:
டெஸ்ட் ட்யூப் பற்றி யாரும் சொல்லவில்லையே. உங்களிடம் இருப்பது சாதா சோடா கண்ணாடியாக இருக்கும். ஒரு டிகிரி ஏறினால் அது பத்து லட்சத்தில் சுமார் 9 பங்கு நீளும், சூடு தாங்கும் போரோசிலிக்கேட் கண்ணாடி 3.3 பங்குதான். ஒரு பக்கம் சுடரும் மறு பக்கம் ஈரமும் பட்டால் சோடா கண்ணாடி தாங்காது. 1915இல் அமெரிக்காவில் பைரெக்ஸ் என்ற பெயரில் கடைக்கு வந்ததிலிருந்து லேப்களில் போரோசிலிக்கேட் பரவியது, இங்கே போரோசில் நிறுவனம் 1962இல் தொடங்கியது. சூடாக்கும் ட்யூப், பீக்கர் இவற்றுக்கு மட்டும் இதை வாங்குங்கள், ரீஏஜென்ட் பாட்டிலுக்கெல்லாம் பணத்தைக் கொட்டாதீர்கள்.

கடையில் போரோசிலிக்கேட் என்று சொல்லி வேறு எதையாவது தந்தால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ட்யூபை உள்ளும் புறமும் கிளிசரினில் முழுக்க மூழ்கடியுங்கள். போரோசிலிக்கேட் என்றால் விளிம்பே தெரியாமல் மறைந்துவிடும், இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் கிட்டத்தட்ட 1.47. சோடா கண்ணாடி 1.52, அது அப்படியே கண்ணுக்குத் தெரியும். பிள்ளைகளையே செய்யச் சொல்லுங்கள், பிசிக்ஸ் பாடமும் ஆயிற்று.

ஸ்டாண்டுக்கு இரும்பு வேண்டாம். நம் கரையோரத்தில் பெயின்ட் அடித்த இரும்பு நிலைக்காது. ஸ்டெயின்லெஸ் கம்பி, கிளாம்பைக் கம்பியோடு பிணைக்க அலுமினியப் பாஸ்ஹெட் வாங்குங்கள். ஸ்க்ரூவில் மாதம் ஒரு தரம் வாசலின் தடவினால் போதும்.

கெடிலக்கரை:
எல்லோருக்கும் நன்றி. பம்பும் டெஃப்லான் பியூரெட்டும் முதலில், மிச்சத்தில் டெஸ்ட் ட்யூப் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். ஒரு டிஸ்டிலேஷன் செட்டும் கேட்கலாமா? எங்கள் போர் தண்ணீர் உப்பு, ஆவியைக் குளிர வைக்கும் பழைய கண்டென்சர் உள்ளே வெள்ளையாகப் படிந்துவிட்டது.

லாஸ்பேட்டை லேப்:
கேளுங்கள் டீச்சர். கார்க் துளைத்து மாட்டுகிற மாடல் வேண்டாம், முனைகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகிற கிரவுண்ட் ஜாயின்ட் வாங்குங்கள், எல்லாம் ஒரே அளவில், 24/29 என்று. படிவு சுண்ணாம்பாகத்தான் இருக்கும், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கண்டென்சரின் வெளிக் குழாயில் கொஞ்ச நேரம் நிறுத்திக் கழுவினால் போய்விடும். இனிமேல் குழாயைத் திறந்து விடாமல், வாளியில் நல்ல தண்ணீரும் ஐஸும் போட்டு மீன் தொட்டி மோட்டாரால் சுற்ற விடுங்கள். தண்ணீர் கீழ் முனையில் ஏறி மேல் முனையில் வெளியே வரட்டும்.