ஒய்இசட்250 டூ ஸ்ட்ரோக்: ட்ரிபிளுக்கு முன்னாடி திணறுது, இறங்கினதும் அடங்கிடுது. 450 ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறணுமா?

கொங்கு_மோட்டோ:
வண்டி யமஹா ஒய்இசட்250 டூ ஸ்ட்ரோக் (மண் டிராக் பந்தய வண்டி), கெய்ஹின் பிடபிள்யூகே 38 கார்புரேட்டர். ஓட்டுறது கோவைப் பக்கம் ஒரு சூப்பர்கிராஸ் பயிற்சித் தளத்துலங்க. பிரச்சினை மூணு.

1. வளைவு முடிஞ்சு த்ராட்டில் திறந்தா கால்வாசி வரைக்கும் இழுவையே இல்லை. அப்புறம் திடீர்னு தூக்கி அடிக்குது.
2. ட்ரிபிள் (வரிசையா மூணு மேட்ட ஒரே தாவுல தாண்டறது) தாண்டி இறங்கினதும் அரை நொடி எஞ்சின் அடங்கிட்டு மறுபடி பிடிக்குது.
3. 450 ஃபோர் ஸ்ட்ரோக் வச்சிருக்கறவங்க உள்பக்கத் தடத்துல இருந்தே ட்ரிபிள் அடிக்கறாங்க. என்னால வெளிப்பக்கம் சுத்தி வந்தாத்தான் முடியுது.

கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஜெட் துளைகள்ல மெயின் 178-ல இருந்து 172, பைலட் (குறைஞ்ச த்ராட்டிலுக்கானது) 50-ல இருந்து 45-னு குறைச்சிருக்கு. வெயில் ஊருக்கு இதுதான் சரின்னு வெளிநாட்டு ஓட்டுநர்கள் எழுதியிருந்தாங்க. பங்க்ல கிடைக்கிற இ20 (20% எத்தனால்) பெட்ரோல், 32-க்கு 1 ஆயில், ஸ்ப்ராக்கெட் முன்னாடி 14 பல், பின்னாடி 50. வண்டியை வித்துட்டு 450-க்கு போறதா, இதையே சரி பண்றதா?

ரீடு_வால்வு:
விக்கறத அப்புறம் பாக்கலாம் தம்பி. 1-ம் 2-ம் கலவைக் கோளாறு மாதிரி இருக்கு. நீ எடுத்த நம்பர் எத்தனால் இல்லாத பெட்ரோலுக்குப் போட்டது.

கணக்கு இதுதான். கோவை 410 மீட்டர் உயரம், வெயில் 35 டிகிரி. 20 டிகிரி கடல்மட்டத்தோட ஒப்பிட்டா காத்தோட அடர்த்தி 9–10% கம்மி. கார்புரேட்டர்ல அது பாதியாத்தான் தெரியும், கலவை சுமார் 5% ரிச் (பெட்ரோல் கூட) ஆகும். அதுக்கு ஜெட் குறைக்கறது நியாயம்தான். ஆனா எத்தனால்லயே ஆக்சிஜன் இருக்கு. அதனால அதே காத்துக்கு இ20 சுமார் 7–8% கூடுதலா எரிபொருள் கேக்கும். ரெண்டையும் கழிச்சா 178-லயே நீ கொஞ்சம் லீன் (பெட்ரோல் கம்மி). அதுக்கு மேல 172 போட்டு துளைப் பரப்பை இன்னொரு 6–7% சுருக்கிட்டே. டூ ஸ்ட்ரோக்ல லீனா ஓடினா போறது இழுவை மட்டும் இல்லை, பிஸ்டன் பிடிச்சுக்கும்.

எதையும் மாத்தறதுக்கு முன்னாடி நாலு சோதனை பண்ணு:

– எக்ஸாஸ்ட்ட கழட்டி, போர்ட் வழியா டார்ச் அடிச்சு பிஸ்டன் பக்கவாட்ட பாரு. மேலிருந்து கீழா கோடு விழுந்திருந்தா வண்டிய ஓட்டாத. முதல்ல சிலிண்டரத் தூக்கு.
– சூடான எஞ்சின்ல த்ராட்டிலத் திருகி விடு. ஆர்பிஎம் உடனே இறங்காம மேலயே தொங்கினா எங்கயோ காத்து உள்ள போகுது. இன்டேக் ரப்பர், ரீடு கேஸ்கெட், இடது பக்க கிராங்க் சீல் மூணையும் பாரு. அழுத்தச் சோதனை பண்ணா 6 பிஎஸ்ஐ-க்கு மேல ஏத்தாத. காத்துக் கசிவோட ஜெட் போட்டா எந்த நம்பரும் ஒத்து வராது.
– ஏர் ஸ்க்ரூவ முழுசா மூடி, கால் சுத்து கால் சுத்தா திற. ஐட்லிங் எங்க அதிகமா ஏறுதுன்னு குறிச்சுக்க. 1 சுத்துக்கு உள்ளயே உச்சம் வந்தா பைலட் சின்னது. 2½ தாண்டினா பெருசு.
– கிரிப்லயும் ஹவுசிங்லயும் டேப் ஒட்டி 1/8, 1/4, 1/2, 3/4 குறி போடு. திணறுற இடத்துல த்ராட்டில அப்படியே வச்சு சமதரைல ஓட்டி, சோக்க லேசா இழு. தேறினா லீன். இன்னும் மோசமானா ரிச்.

கொங்கு_மோட்டோ:
பாத்துட்டேங்க. பிஸ்டன்ல கோடு இல்லை, ஆர்பிஎம் தொங்கலை. ஏர் ஸ்க்ரூ அரை சுத்துலயே உச்சம். சோக் இழுத்தா கால் த்ராட்டில்ல நல்லாவே தேறுது. புது பிளக் போட்டு மூணாவது கியர்ல முழு த்ராட்டில் ஓட்டி, கிளட்ச்சப் பிடிச்சு அப்படியே ஆஃப் பண்ணிக் கழட்டினேன். பீங்கான் அடிவளையம் வெள்ளை வெளேர்னு இருக்கு.

ரீடு_வால்வு:
காத்துக் கசிவு இல்லை. ஏர் ஸ்க்ரூ, சோக், வெள்ளைப் பிளக் மூணும் ஒரே கதைதான் சொல்லுது, லீன். பைலட் 48, மெயின் 180, நீடில் கிளிப் இப்ப இருக்கற இடமே இருக்கட்டும். ஏர் ஸ்க்ரூ உச்சம் 1¼–1¾-க்குள்ள வரணும். வரலைன்னா 50. ஒரு நேரத்துல ஒரு ஜெட் மட்டும் மாத்து, ரெண்டையும் சேத்து மாத்தினா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது.

இறங்கும்போது அடங்கறதுக்கு கார்ப் கிண்ணத்தத் திற. மெயின் ஜெட்டச் சுத்தி சின்ன பிளாஸ்டிக் வளையம் ஒண்ணு இருக்கணும். இறங்குற அதிர்ச்சில பெட்ரோல் அலையடிச்சு ஜெட்ட விட்டு விலகாம பிடிச்சு வைக்கறது அதோட வேலை. ஜெட் மாத்தும்போது கீழ விழுந்து தொலையறது அடிக்கடி நடக்கும். ஃப்ளோட் கை, கார்ப கவுத்துப் பாத்தா விளிம்புக்கு இணையா இருக்கணும். வென்ட் குழாய் நாலும் நசுங்காம இருக்கான்னும் பாரு.

மண்_டிராக்:
குறுக்க ஒரு விஷயம். "திடீர்னு தூக்கி அடிக்குது"ன்னு எழுதியிருக்கீங்க. ஜெட் சரியானப்புறமும் அது போகலைன்னா பவர் வால்வப் (ஆர்பிஎம்முக்கு ஏத்த மாதிரி எக்ஸாஸ்ட் போர்ட்ட மாத்தறது) பாருங்க. சிலிண்டர் பக்கவாட்டு மூடியக் கழட்டி, எஞ்சின முறுக்கினா ஷாஃப்ட் திரும்பறது கண்ணுக்குத் தெரியும். கார்பன் ஏறி திறந்த நிலைல மாட்டிக்கிட்டா அடி இழுவை செத்துடும். மூடின நிலைல மாட்டினா அடில நல்லா இழுத்து மேல மூச்சு விடாது. ரீடு இதழையும் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. நுனில நார் பிரிஞ்சிருந்தா மாத்திடுங்க.

பழைய_சாம்பியன்ஷிப்:
450-ஓட ஒப்பிடறதுல முதல்லயே ஒரு நியாயக்குறைவு இருக்கு. ஃபோர் ஸ்ட்ரோக் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் எரிக்கும். டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுத்துக்கும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கமான ஏஎம்ஏவின் விதி 250 டூ ஸ்ட்ரோக்குக்கு எதிரா பெரிய ஃபோர் ஸ்ட்ரோக்கை அனுமதித்தது. 1997-ல் லாஸ் வேகஸ் சூப்பர்கிராஸை டக் ஹென்றி யமஹாவின் 400 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் முன்மாதிரி வண்டியில் ஜெயித்தார். 1998-ல் ஒய்இசட்400எஃப்பில் 250 மோட்டோகிராஸ் பட்டமும் அவருக்கே. 2001-ல் ஒய்இசட்250எஃப் வந்து 125 டூ ஸ்ட்ரோக்குகளுக்கு எதிராக நின்றது. ஆனாலும் 2005 சூப்பர்கிராஸ் பட்டத்தை ரிக்கி கார்மைக்கேல் சுசுகி ஆர்எம்250 டூ ஸ்ட்ரோக்கில்தான் எடுத்தார். மறு வருஷம் அவரே 450 ஃபோர் ஸ்ட்ரோக்கில் எடுத்தார். அதற்குப் பிறகு பெரிய பிரிவில் டூ ஸ்ட்ரோக் பட்டம் இல்லை.

450-க்குக் கிடைக்கும் சாதகத்துக்கு உள்பக்கத் தடம்தான் சாட்சி. வேகம் சேர்க்க இடமே இல்லாத அந்தப் பத்து இருபது அடியில், குறைந்த ஆர்பிஎம்மில் கிடைக்கும் டார்க் மட்டும்தான் உதவும். டூ ஸ்ட்ரோக்கின் எக்ஸாஸ்ட் அறை ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம் வட்டத்துக்குள்தான் கலவையைத் திருப்பி உள்ளே தள்ளும். அதற்குக் கீழே விழுந்தால் 250 சிசி இருந்தும் பயனில்லை. நீங்கள் இறங்கப்போகும் பிரிவில் எந்த சிசி எதோடு மோதுகிறது என்று விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 250 டூ ஸ்ட்ரோக்கை 250 ஃபோர் ஸ்ட்ரோக்கோடு சேர்க்கும் பிரிவானால் உங்கள் வண்டிதான் பலசாலி.

மண்_டிராக்:
செலவையும் சேத்து யோசிங்க. 450-ல டைட்டானியம் வால்வு. வால்வு உக்கார்ற சீட் தேயத் தேய வால்வு இடைவெளி குறையும், சூட்டுல ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். ஷிம் (இடைவெளிய சரி பண்ற சின்னத் தகடு) மாத்தி சமாளிக்கலாம், ஆனா ரெண்டாவது தடவையும் சீக்கிரமே குறைஞ்சா சிலிண்டர் ஹெட்டக் கழட்டித்தான் ஆகணும். அத விட்டு வால்வு உடைஞ்சா பிஸ்டன், ஹெட், சிலிண்டர் எல்லாம் போயிடும். ஒய்இசட்ல பிஸ்டன், ரிங், கேஸ்கெட் ஒரு மத்தியான வேலை.

கொங்கு_மோட்டோ:
48, 180 போட்டாச்சு. ஏர் ஸ்க்ரூ 1½-ல உச்சம். பிளாஸ்டிக் வளையம் நிஜமாவே இல்லைங்க, வாங்கிப் போட்டுட்டேன். இறங்கும்போது அடங்கறது நின்னுடுச்சு, கால் த்ராட்டில் சுத்தமா வருது. பவர் வால்வும் நல்லாத் திரும்புது. இப்ப உள்பக்கத் தடம் மட்டும்தான் பாக்கி. ரெண்டாவது கியர்ல போனா மேட்டு அடிலயே முடிஞ்சுடுது, மூணாவதுல போனா இழுக்க மாட்டேங்குது.

ரீடு_வால்வு:
மேட்டுல கியர் மாத்தாத, அங்கதான் வேகம் போகுது. மூணாவதுலயே போ, ஸ்ப்ராக்கெட்டக் குட்டையாக்கு. இப்ப 14/50, அதாவது 3.57. 13/48 போட்டா 3.69. மூணாவது கியர் சுமார் 3% குட்டையாகும். வளைவோட நடுவுலயே த்ராட்டிலத் திறந்து, ஒரு விரலால கிளட்ச்ச லேசா நழுவ விட்டு ஆர்பிஎம்ம எக்ஸாஸ்ட் வட்டத்துக்குள்ள வச்சுக்க. வண்டி நிமிர்ந்ததும் விடு. இப்படி ஓட்டினா கிளட்ச் தட்டு சீக்கிரம் தேயும், தட்டுகளப் பிடிச்சிருக்கற பாஸ்கெட்டோட விரல்ல பள்ளம் விழும். பள்ளம் நகத்துல மாட்டினா பாஸ்கெட்டோட மாத்து. 13 பல்லுல செயின் சறுக்குப் பட்டையும் வேகமா தேயும், வாரம் ஒரு தடவை பாத்துக்க.

ஸ்ப்ராக்கெட் மாத்தினா பின்சக்கரம் நகரும். சேக் (நீ ஏறி உக்காந்தா பின் சஸ்பென்ஷன் அமுங்குற அளவு) மறுபடி அளந்து 100 மி.மீ. பக்கம் வச்சுட்டுப் போ.