டப்லெட்டுக்குச் சின்ன சார்ஜர்: 65 வாட் சொருகினால் திரை தானாகத் துள்ளுகிறது

உப்புவெளிக்காரி:

வணக்கம். ஐப்பசியில் இடி முழங்கிய ஓர் இரவில் மகனுடைய டப்லெட்டோடு வந்த சார்ஜர் செத்துப் போனது. டவுனில் ஒரு கடையில் 65 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒன்றை வாங்கி வந்தேன். டைப் சி ஓட்டை ஒன்று, பழைய ஏ ஓட்டை ஒன்று. இப்போது இரண்டு தலையிடி.

டப் சார்ஜில் இருக்கும்போது ஓரிடத்தில் விரல் வைத்தால் வேறோரிடத்தில் அழுத்துகிறது. மகன் கணக்குச் செய்யும்போது 7 தட்டினால் 4 விழுகிறது, சிலவேளை பக்கமே மாறிவிடுகிறது. வயரைக் கழற்றினால் ஒன்றுமில்லை. விளங்காமல் இரண்டு நாள் அவனை ஏசிவிட்டேன்.

அடுத்தது அம்மா. “65 வாட் பல்பு மாதிரி இரவு பகலாகப் பிளக்கில் கிடக்குது, கரண்ட் பில் ஏறாமல் என்ன செய்யும்” என்று ஒரே புறுபுறுப்பு. 60 அலகுக்குள் நிற்கிற வீடு, அதைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும் என்பதால் அம்மாவுக்குப் பயம்.

எனவே குறைந்த வாட்டில் ஒன்று எடுக்கலாம் என்றிருக்கிறேன். வீட்டில் இருப்பவை டப் (செத்துப் போன சார்ஜரில் 10 வாட் என்று இருந்தது), என் போன், அம்மாவின் பழைய மைக்ரோ யூஎஸ்பி போன். மூன்றுக்கும் எது காணும்?

சீனக்குடா தம்பி:

அக்கா, பேசாமல் 100 வாட்டில் நல்ல ஜி.ஏ.என். (சின்னதாக இருந்தும் கூடுதல் வாட் தருகிற வகை) சார்ஜர் ஒன்று எடுங்கோ. லெப்டொப்பும் ஏறும்.

உப்புவெளிக்காரி:

வீட்டில் லெப்டொப் இல்லை தம்பி.

பழைய வயர்மன்:

பிள்ளை, முதலில் அம்மாவின் பயத்தைத் தீர்ப்போம். சார்ஜரில் போட்டிருக்கிற வாட், அது ஆகக்கூடக் கொடுக்கக்கூடிய அளவு. எவ்வளவு இழுப்பது என்று தீர்மானிப்பது போனும் டப்பும்தான். 10 வாட் கேட்கிற டப்பை 65 வாட்டில் சொருகினாலும் அது 10 தான் குடிக்கும்.

கணக்கைப் பாருங்கோ. 5000 மில்லி அம்பியர் மணி பேட்டரிக்குள் அடங்குவது ஏறத்தாழ 19 வாட் மணி. சூடாகி வீணாவதையும் சேர்த்து 25 என்று வைப்போம். தினமும் அடியிலிருந்து முழுதாக ஏற்றினாலும் மாதம் முக்கால் அலகு. 70 வாட் மின்விசிறி ஒரே இரவில் எட்டு மணித்தியாலம் ஓடினால் அரை அலகுக்கு மேல் போய்விடும். சும்மா சொருகிக் கிடக்கிற நல்ல சார்ஜர் 0.1 வாட் அளவில்தான் எடுக்கும். வருடம் முழுக்கக் கிடந்தாலும் ஒரு அலகு வராது. ஆனால் ஒன்றும் மாட்டாத நேரத்திலும் தொட்டால் இளஞ்சூடாக இருந்தால் அது நல்ல சார்ஜர் இல்லை.

திரை துள்ளுவது வேறு கதை. அந்த சார்ஜரின் அடியில் இருக்கிற பொடி எழுத்தை வாசித்து இங்கே போடுங்கோ. அவுட்புட் என்ற வரி முக்கியம். அதோடு, யாரிடமாவது பவர் பேங்க் இருந்தால் டப்பை அதில் மாட்டிவிட்டு அதே கணக்கைச் செய்யச் சொல்லுங்கோ.

உப்புவெளிக்காரி:

ஐயா, கண்ணுக்கு எட்டவில்லை. சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் சாம்பல் எழுத்து. டோர்ச்சைச் சரித்துப் பிடித்து, போன் கமராவில் பெருப்பித்துத்தான் வாசித்தேன். அவுட்புட் 5 வோல்ட், 2.1 அம்பியர். அந்த ஒரு வரிதான் இருக்கிறது. 65 வாட் என்பது பெட்டியிலும் முன்பக்கத்திலும் மட்டும்.

பக்கத்து வீட்டுப் பவர் பேங்கில் மாட்டிப் பார்த்தேன். ஒரு துள்ளலும் இல்லை.

பழைய வயர்மன்:

அப்ப விஷயம் முடிந்தது. 5 வோல்ட்டை 2.1 அம்பியரால் பெருக்கினால் பத்தரை வாட். நீங்கள் தேடுகிற சின்ன சார்ஜரைத்தான் 65 என்று விற்றிருக்கிறார்கள்! உண்மையான 65 வாட் என்றால் 9, 15, 20 வோல்ட் என்று வரிசையாக எழுதியிருக்கும். கையில் எடுத்தாலும் கனம் தெரியும். இது வெற்றுத் தீப்பெட்டி மாதிரி இருந்திருக்குமே?

திரை துள்ளுவதற்குக் காரணம் இதுதான். தொடுதிரை, விரல் பட்டதும் உண்டாகிற மிகச் சின்ன மின்மாற்றத்தை அளந்துதான் நீங்கள் எங்கே தொட்டீர்கள் என்று கண்டுபிடிக்கிறது. மலிவு சார்ஜரில் மின் இரைச்சலை, அதாவது கரண்டோடு கலந்து வருகிற வேண்டாத அதிர்வை, அடக்குகிற பாகங்களை மிச்சம் பிடித்துவிடுவார்கள். அந்த இரைச்சல் வயர் வழியே டப்புக்கு வரும். விரல் வைத்ததும் உங்கள் உடம்பு வழியாக நிலத்துக்கு இறங்கப் பார்க்கும். திரை குழம்பிவிடும். பவர் பேங்க் சுவரோடு தொடர்பில்லாதது, அதனால் அதில் துள்ளாது. மகன் மேல் பிழையே இல்லை.

எனக்கு இதைவிடப் பயம் வேறொன்று. இரைச்சலில் மிச்சம் பிடித்தவர்கள் 230 வோல்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவில் விட வேண்டிய இடைவெளியிலும் மிச்சம் பிடித்திருப்பார்கள். சார்ஜில் கிடக்கும்போது அதைப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டாம்.

அப்புறம், அது சதுர மூன்று பின்னா, தட்டை இரண்டு பின்னா?

உப்புவெளிக்காரி:

தட்டை இரண்டு பின். அடப்டர் போட்டால் ஆடுகிறது. அதனால் மேல் ஓட்டைக்குள் பேனாவை விட்டு நேரே சொருகுவோம்.

பழைய வயர்மன்:

ஐயோ. அந்தப் பேனா வேலையை இன்றோடு விடுங்கோ. பின் இறுகாமல் நின்றால் பொறி பறக்கும், பிளக் பொயின்ட் கருகும். அதோடு உப்புவெளி கடற்கரைக் காற்றுக்குப் பித்தளை பச்சை பிடிக்கும். பச்சை பிடித்த இடம் இன்னும் சூடாகும். 13 அம்பியர் சதுரப் பின்னோடு செய்த சார்ஜராகவே எடுங்கோ. அதில் மூன்றாவது பின் பிளாஸ்டிக்காக இருந்தால் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம், அது பிளக் பொயின்ட்டின் உள்மூடியைத் திறப்பதற்கு மட்டும். அப்படியான சார்ஜரில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்க வேண்டும். இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் தேவையில்லை என்று அதற்கு அர்த்தம். ரோமன் எண்ணில் ஆறு என்று அடித்திருந்தால் இன்னும் நல்லது, சும்மா கிடக்கும்போது குறைவாகக் குடிப்பதற்கான தரம் அது.

உங்கள் மூன்றுக்கும் ஒரு சி, ஒரு ஏ ஓட்டை உள்ள 20 வாட் தாராளம். இரண்டையும் ஒன்றாக மாட்டினால் பல சார்ஜர்கள் இரண்டையும் 5 வோல்ட்டுக்கு இறக்கிவிடும், மெதுவாகத்தான் ஏறும். இரவில் போட்டுவிட்டுப் படுக்கிற வீட்டுக்கு அது ஒரு குறையே இல்லை, பேட்டரியும் குறைவாகச் சூடாகும். இடி முழங்கினால் மட்டும் கழற்றிவிடுங்கோ. சுவிட்சை நிற்பாட்டினால் போதாது.

நிலாவெளி வீதி:

ஏ ஓட்டை இல்லாததை மட்டும் வாங்கிவிடாதீர்கள் அக்கா. நான் இரண்டும் சி என்று ஆசைப்பட்டு எடுத்தேன். போன் பறக்கிறது. ஆனால் வீட்டில் இருக்கிற சார்ஜ் விசிறி சி-சி வயரில் உயிரே காட்டவில்லை. சி பக்கம் மறுமுனையில் ஒரு கருவி இருக்கிறது என்று தெரிந்தால்தான் கரண்டை விடுமாம். அதைத் தெரிவிக்கக் கருவிக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு வேண்டும். சில சதம் மிச்சம் பிடிக்க அதைப் போடாமல் விட்டிருக்கிறார்கள். ஏ பக்கம் ஒன்றும் கேட்காது, எப்போதும் 5 வோல்ட் விட்டபடி இருக்கும். இப்போது விசிறிக்காகவே பழைய சார்ஜர் ஒன்றை வைத்திருக்கிறேன்.

சீனக்குடா தம்பி:

சரி சரி, 100 வாட் வேண்டாம்.

உப்புவெளிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை வேறு கடையில் சதுரப் பின்னோடு, சி ஒன்றும் ஏ ஒன்றும் உள்ள 20 வாட் எடுத்தேன். இந்த முறை பெட்டியை விட்டுவிட்டு அடியைத்தான் முதலில் வாசித்தேன். 5 வோல்ட் 3 அம்பியர், 9 வோல்ட் 2.22 அம்பியர் என்று இருந்தது. சதுரத்துக்குள் சதுரமும் இருக்கிறது. மகன் டப்பை மாட்டிக்கொண்டே ஒரு பக்கம் கணக்கு முடித்தான், 7 தட்டினால் 7. அம்மா இப்போதும் படுக்கப் போகுமுன் சுவிட்சை நிற்பாட்டுகிறார். அதை விட்டுவிட்டேன்.

அந்தப் போலியைத் திருப்பிக் கொண்டுபோனேன். காசு தர மாட்டாராம், அதே விலைக்கு வேறு சாமான் எடுக்கட்டாம். சார்ஜ் டோர்ச் ஒன்று எடுத்து வந்தேன்.

சி-சி வயரில் உயிரே காட்டவில்லை. ஏ ஓட்டையில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது.