நாய் கீறுனா பசங்க வீட்ல சொல்றாங்களா? உங்க ஏரியா அனுபவத்தை எழுதுங்க

பெரம்பூர் அம்மா:
வணக்கம் எல்லாருக்கும். சின்ன கிளாஸ் படிக்கிற பசங்க வீட்ல இருந்தா கண்டிப்பா படிங்க, கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். ரெண்டாங்கிளாஸ் படிக்கிற என் பையன் டியூஷன் விட்டு வந்து சாக்ஸை கழட்டவே மாட்டேன்னு ஒரே அடம். எப்பவும் ஷூ ஒரு மூலை சாக்ஸ் ஒரு மூலைன்னு வீசுறவன். குளிக்க வைக்கறப்போ பாத்தா கெண்டைக்கால்ல பக்கத்து பக்கத்துல ரெண்டு கோடு, ரத்தம் வரல, தோல் லேசா உரிஞ்சு செவப்பா இருந்துச்சு. கேட்டா சைக்கிள் பெடல் பட்டுச்சுன்றான். பெடல் பட்டா அப்படி விழாதேன்னு எனக்கு உறுத்திட்டே இருந்துச்சு, கீழ் வீட்டு பையனை கூப்ட்டு மெதுவா கேட்டேன், அவன்தான் சொன்னான், ஆன்ட்டி டீக்கடை சந்துல குட்டி போட்ட நாய் தொரத்துச்சு, இவன் ஓடுனான், கால்ல புடிச்சிருச்சு, வீட்ல சொன்னா தொப்புளை சுத்தி பதினாறு ஊசி போடுவாங்க யார்கிட்டயும் சொல்லாதன்னான்னு.

எனக்கு கையெல்லாம் நடுங்கிடுச்சு. ஆனா திட்டல, நேரா குழாய்ல கால வச்சு சோப்பு போட்டு கடிகாரத்த பாத்து 15 நிமிஷம் கழுவுனேன். எங்க மாமியார் அதுக்குள்ள மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சு எடுத்துட்டு வந்துட்டாங்க, அவங்க காலத்துல அதான் பழக்கம், பாசத்துலதான் செய்றாங்க. அத்தை இதுக்கு மட்டும் வேணாம், வெறிநோய் (ரேபிஸ்) கிருமிக்கு மேல கொழுப்பு உறை இருக்கு, சோப்புலதான் அது உடையும், மேல எதையாவது பூசி மூடுனா காயம் எரிஞ்சு கிருமி இன்னும் உள்ள போகும்னு சொன்னேன். புரிஞ்சுகிட்டாங்க, அவங்களே டவல் எடுத்துட்டு கூட கிளம்பிட்டாங்க.

ராத்திரிதான் அரசு ஆஸ்பத்திரிக்கு போனோம், அவசரப் பிரிவுலயே தடுப்பூசி போட்டுட்டாங்க, ஒரு பைசா செலவில்ல. ரெண்டு கையிலயும் தோலுக்குள்ளயே சின்னதா ஒண்ணு ஒண்ணு, பையன் "அவ்ளோதானா?"ன்னு கேட்டான். அன்னைக்கு, அப்புறம் 3வது நாள், 7வது நாள், 28வது நாள்னு சீட்டுல தேதி எழுதி குடுத்தாங்க. டாக்டரம்மா ஒண்ணு சொன்னாங்க, இந்த கிருமி நரம்பு வழியா மெதுமெதுவா மூளைக்கு போகும், போய் சேர்றதுக்கு முன்னாடி ஊசி போட்டுட்டா தடுத்துடலாம், நோய் அறிகுறி வந்துட்டா அதுக்கப்புறம் கிட்டத்தட்ட யாரையும் காப்பாத்த முடியறதில்லன்னு. பெரும்பாலும் ஒண்ணுல இருந்து மூணு மாசத்துக்குள்ள தெரியுமாம், சிலருக்கு அதுக்கு மேலயும் ஆகுமாம். அதாவது பையன் மறைச்சிருந்தா நான் அதை மறந்தே போயிருப்பேன், அப்புறம் காய்ச்சல்னு வந்தா எதனாலன்னு கூட தெரிஞ்சிருக்காது. அதை நினைச்சா இப்பவும் தூக்கம் வரல.

கடிச்சது கூட எனக்கு அவ்ளோ பயமில்லங்க, அவன் சொல்லாம இருந்தான் பாருங்க அதுதான். யார் சொல்லி குடுத்தது அந்த பதினாறு ஊசி கதைய? சாப்பிடலன்னா ஊசி, தூங்கலன்னா ஊசி, நாய் கிட்ட போனா தொப்புள்ல ஊசின்னு பெரியவங்க எல்லாருமே மிரட்டறாங்க. உங்க வீட்ல, தெருவுல என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க.

மணலி ஆட்டோ அப்பா:
தங்கச்சி நீங்க சொன்னது அப்படியே எங்க வீட்டு கதை. ஆனா என் பொண்ணுக்கு கீறல் இல்ல, முழங்கைக்கு மேல நல்லா பல்லு இறங்கி ரத்தம் கொட்டுச்சு. பக்கத்துல இருந்த ஒரு கிளினிக்குக்கு தூக்கிட்டு ஓடுனேன், அங்க இருந்தவரு துடைச்சு உடனே தையல் போடறேன்னாரு. என் மச்சான் ஆஸ்பத்திரில வார்டு பாய் வேலை, அவன் போன்ல அலறுறான் மாமா தையல் போட விடாத நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போன்னு. அங்க போனப்புறம்தான் தெரிஞ்சுது ரத்தம் வந்த கடிக்கு வெறும் தடுப்பூசி பத்தாது, கூடவே இம்யூனோகுளோபுலின்னு ஒண்ணு, குழந்தையோட எடைய பாத்து அளவு போட்டு காயத்த சுத்தியும் காயத்துக்குள்ளயும் போடறாங்க. தடுப்பூசி வேலை செய்ய சில நாள் ஆகுமாம், அதுவரைக்கும் அந்த எடத்துலயே கிருமிய தடுக்கறதுக்கு இதுவாம். தையல் போட்டா கிருமி ஆழமா போயிடும், ரொம்ப அவசியம்னா இந்த மருந்து போட்டப்புறம்தான் போடுவாங்கன்னாங்க. பொண்ணு ரொம்ப அழுதா, பொய் சொல்லல, காயத்துல போடறது வலிக்கத்தான் செய்யும், அவ கைய புடிச்சுகிட்டு நானும் அழுதேன். ஆனா கடிச்ச அன்னைக்கே முடிஞ்சுது. ஆட்டோக்காரங்க எங்க ஸ்டாண்டுல இப்ப எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கேன், நாய்க்கடின்னு யார் ஏறுனாலும் மொதல்ல குழாய் இருக்கற எடத்துல நிறுத்தி கழுவ வச்சுட்டு அப்புறம் ஓட்டுங்கன்னு.

ரிட்டயர்டு வாத்தியார், அயனாவரம்:
அந்தப் பதினாறு ஊசி கதை பொய் இல்லம்மா, பழசு. எங்க சின்ன வயசுல உண்மையாவே வயித்துலதான் போடுவாங்க, தினமும் ஒண்ணுன்னு, ஆட்டு மூளையில வளர்த்து தயாரிச்ச மருந்து அது. நம்ம குன்னூர்ல 1907ல ஆரம்பிச்ச பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கே, வெறிநாய்க்கடி மருந்துக்கு தென்னிந்தியா பூரா அதான் பேரு. என் தம்பிக்கு போட்டப்போ அவன் கத்துன கத்து இன்னும் காதுல இருக்கு. 2000க்கு அப்புறம் அந்த வகை மருந்தையே நாட்டுல நிறுத்திட்டு இப்ப செல்கள்ல வளர்க்கற மருந்துக்கு மாறிட்டாங்க. மருந்து மாறிடுச்சு, நம்ம வாய் மட்டும் மாறல. அதனால ஒவ்வொரு வீட்லயும் பசங்கள உக்கார வச்சு சொல்லணும், கையில சின்ன ஊசி, நாலு தடவை, முடிஞ்சுது, நீ சொன்னா திட்ட மாட்டோம்னு. நான் சாயங்காலம் பார்க்ல பசங்களுக்கு இன்னொண்ணும் பழக்கறேன், நாய் தொரத்துனா ஓடாத, கைய உடம்போட ஒட்டி மரம் மாதிரி அசையாம நில்லு, அது கண்ணயே முறைச்சு பாக்காத, அதுவா போயிடும். கீழ தள்ளிட்டா உடம்ப சுருட்டி கழுத்தையும் காதையும் கையால மூடிக்கோன்னு. விளையாட்டு மாதிரி ஒருத்தன் நாயா வருவான், மத்தவங்க நிக்கணும். சாப்பிடற நாய், தூங்கற நாய், குட்டி வச்சிருக்கற நாய் மூணு கிட்டயும் போகவே கூடாதுன்னு பசங்களே இப்ப சின்னதுங்களுக்கு சொல்லுதுங்க.

வேளச்சேரி 2 குழந்தை:
ஒரு சந்தேகம் அக்கா. எங்க அபார்ட்மென்ட்ல ஒருத்தர் சொல்றாரு கடிச்ச நாய 10 நாள் பாத்துட்டு அது நல்லா இருந்தா ஊசியே வேணாம்னு. என் பொண்ண எதிர் வீட்டு வளர்ப்பு நாய் விளையாட்டா கவ்வி பல்லு பட்டுடுச்சு, அவங்க அதுக்கு ஊசியெல்லாம் போட்டாச்சு பயப்படாதீங்கன்றாங்க. இன்னைக்கு மத்தியானம்தான் நடந்துச்சு. என்ன பண்றது, நல்ல பழக்கம் அவங்க, சண்டை வேணாம்னு பாக்கறேன்.

பெரம்பூர் அம்மா:
தங்கம் இப்பவே கிளம்புங்க, இதை படிச்சு முடிக்க கூட வேணாம். எனக்கு டாக்டரம்மா தெளிவா சொன்னாங்க, 10 நாள் பாக்கறதுன்றது ஊசிய ஆரம்பிச்சுட்டு பாக்கறது. நாய் அந்த 10 நாளும் நல்லா இருந்தா மீதி ஊசி வேணுமா வேணாமான்னு டாக்டர் முடிவு பண்ணுவாங்க, நாம பண்றதில்ல. ஊசி போடாம வெயிட் பண்ணக்கூடாது. வளர்ப்பு நாயா இருந்தாலும் காட்டியே ஆகணும், அதோட ஊசி அட்டைய வாங்கி கொண்டு போய் காட்டுங்க. கேட்டா நல்ல மனுஷங்க தப்பா எடுக்க மாட்டாங்க. கழுவுனீங்களா இல்லையா?

வேளச்சேரி 2 குழந்தை:
கழுவிட்டேன் அக்கா, இப்ப மறுபடி சோப்பு போட்டு கழுவிட்டு கிளம்பறோம். எதிர் வீட்டு அங்கிளே கார் எடுக்கறேன்னு சொல்லிட்டாரு.

நங்கநல்லூர், நாய்க்கு சோறு வைக்கிறவ:
இங்க நான் எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன், ஏன்னா சோறு வைக்கிறவங்கன்னாலே எல்லாரும் எங்கள திட்டறாங்க. ஆனா எனக்கும் பேரன் இருக்கான். எங்க தெருவுலயும் போன வருஷம் பெரிய சண்டை, ஒரு குழந்தைய நாய் தொரத்தி அது விழுந்து பல்லு உடைஞ்சுடுச்சு, அவங்க அப்பா என் வாசல்ல வந்து நின்னு கேட்டாரு, அந்த கோபம் நியாயம்தான். நான் அபார்ட்மென்ட் கேட்டு பக்கத்துல வைப்பேன், பசங்க ஸ்கூல் வேன் ஏர்ற எடம் அதான், சோத்துக்கு நாய் கூடும், கூடுனா அதுங்களுக்குள்ள சண்டை, குறுக்க பசங்க. மத்திய அரசோட 2023 நாய் கருத்தடை விதியிலயே இருக்கு, சோறு வைக்கிற எடம் பசங்க விளையாடற எடம், வாசப்படி, மாடிப்படி இதுக்கெல்லாம் தள்ளி இருக்கணும், குழந்தைங்களும் பெரியவங்களும் அதிகம் நடமாடாத நேரமா இருக்கணும்னு. குடியிருப்பு சங்கத்துக்காரங்களோட உக்காந்து பேசி தெருக்கோடி காலிமனை ஓரம்னு முடிவு பண்ணோம், இப்ப ராத்திரி வேன், டியூஷன் எல்லாம் ஓஞ்சப்புறம்தான் வைக்கிறேன், மீதிய நானே கூட்டி அள்ளிடறேன்.

கருத்தடைக்கு சென்னை மாநகராட்சியோட 1913 நம்பருக்கு போன் பண்ணி சொன்னா வந்து பிடிச்சுட்டு போறாங்க, ஆபரேஷனோட வெறிநோய் தடுப்பூசியும் போட்டு காது நுனிய லேசா வெட்டி அடையாளம் வச்சு பிடிச்ச எடத்துலயே விட்ருவாங்க. அந்த காது வெட்டு இல்லாத நாய் தெருவுல சுத்துச்சுன்னா அதான் நீங்க போன் பண்ண வேண்டிய நாய். ஆனா பால் குடுக்கற தாய் நாய அப்ப ஆபரேஷன் பண்ண மாட்டாங்க, குட்டி பால் மறக்கற வரைக்கும் காத்திருக்கணும். பெரம்பூர் அம்மா, உங்க டீக்கடை சந்து நாய் அந்த நிலைமைதான், அது குட்டிய காப்பாத்த பாயுது. அதுவரைக்கும் பசங்கள அந்த சந்து வழியா விடாதீங்க, ரெண்டு மாசத்துக்கு வழிய மாத்திடுங்க.

மணலி ஆட்டோ அப்பா:
அம்மா நீங்க பொறுப்பா வைக்கிறீங்க, ஆனா எல்லாரும் அப்படி இல்ல. எங்க பக்கம் கறிக்கடை கழிவ ரோட்ல கொட்டறானுங்க, அதுக்கு வர்ற கூட்டம்தான் பைக்க தொரத்துது. நாய புடிக்கிறது ஒரு பக்கம், குப்பைய நிறுத்தாம ஒண்ணும் நடக்காது. என் பொண்ண கடிச்ச நாய் அந்த கூட்டத்துல ஒண்ணுதான்.

கொளத்தூர் சித்தி:
ஸ்கூல் பத்தியும் யாராவது பேசுங்க. 2025 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஸ்கூல், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் வளாகத்துல இருக்கற நாய்ங்கள பிடிச்சு காப்பகத்துக்கு மாத்தணும், திரும்ப அங்கயே விடக்கூடாது, சுத்துச்சுவர் வேலி போடணும்னு சொல்லியிருக்கு. எங்க அக்கா பொண்ணு படிக்கிற ஸ்கூல்ல பின்பக்க சுவர் இடிஞ்சு கெடக்கு, அது வழியாத்தான் நாய் வருது. பெற்றோர் கூட்டத்துல நாலஞ்சு பேர் சேர்ந்து எழுதி குடுத்தோம், தனியா சொன்னா பாக்கறோம்னுவாங்க, சேர்ந்து கையெழுத்து போட்டதும் அடுத்த வாரமே தகரம் அடிச்சு மறைச்சுட்டாங்க. சுவர் இன்னும் கட்டல, விட மாட்டோம். வளர்ப்பு நாய் விஷயமும் அப்படித்தான், 2024 மே மாசம் நுங்கம்பாக்கத்துல மாநகராட்சி பார்க்குக்குள்ள ரெண்டு ராட்வைலர் நாய் 5 வயசு பாப்பாவ கடிச்சு குதறுனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அதுக்கப்புறம் லைசென்ஸ் பத்தி மாநகராட்சியும் பேசுச்சு, நம்மளும் பேசினோம். எங்க பிளாக்ல நாய் வச்சிருக்கறவங்க கிட்ட லைசென்ஸ், ஊசி அட்டை காப்பி வாங்கி வாட்ச்மேன் கிட்ட குடுத்து வச்சிருக்கோம். ஒருத்தர் கூட முகம் சுளிக்கல.

வேளச்சேரி 2 குழந்தை:
அக்கா போட்டாச்சு. பல்லு பட்ட எடத்துல ஒரு புள்ளி ரத்தம் வந்திருந்துச்சாம், அதனால தடுப்பூசி, காயத்துல போடற இம்யூனோகுளோபுலின் ரெண்டுமே போட்டாங்க, நான் அத கவனிக்கவே இல்ல, நர்ஸ்தான் லைட் அடிச்சு பாத்து சொன்னாங்க. அடுத்தது 3வது நாள் வர சொல்லியிருக்காங்க. எதிர் வீட்டு ஆன்ட்டி பாப்பாவுக்கு மைசூர்பாக் குடுத்தாங்க, அழுகை நின்னுடுச்சு. இன்னொரு விஷயம், எல்லா ஊசியும் முழுசா போட்டவங்கள திரும்ப கடிச்சா அப்போ ரெண்டே தடவை போட்டா போதும், முதல் நாளும் 3வது நாளும்னு சொன்னாங்க, காயத்துல போடற ஊசி வேண்டியதில்லையாம். அதனால சீட்ட தூக்கி போடாம பத்திரமா வைங்கன்னாங்க.

பெரம்பூர் அம்மா:
நல்ல செய்தி தங்கம், மனசு நிம்மதியாச்சு. சீட்ட போன்ல போட்டோவும் எடுத்து வச்சுக்கோங்க. அம்மா (நங்கநல்லூர்) நீங்க சொன்னபடி பசங்க வழிய மாத்திட்டோம், மெயின் ரோட்ட சுத்தி ஒரு பெரியவங்க கூட போறாங்க, நாலு வீட்டுக்காரங்க முறை வச்சுகிட்டோம். வாத்தியார் சார், அந்த மரம் விளையாட்ட எங்க பசங்களுக்கும் வந்து சொல்லி குடுப்பீங்களா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க மொட்டை மாடியில வச்சுக்கலாம், டீ நான் போடறேன்.

ரிட்டயர்டு வாத்தியார், அயனாவரம்:
வரேம்மா. அஞ்சரைக்கு மேல வச்சுக்கோங்க, வெயில் இறங்கட்டும். பெத்தவங்களையும் கூட்டுங்க, ஊசிய வச்சு மிரட்டறத நிறுத்தணும்னு அவங்ககிட்டயும் பேசணும்.