சம்பளத்துக்கு ஒரு வரி, பங்கு லாபத்துக்கு ஒரு வரியா?

கோவைக்காரன்: சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. சம்பளம் கைக்கு வரும் முன்பே வருமான வரியை டிடிஎஸ் என்று பிடித்துவிடுகிறார்கள். தெரு ரோடு தோண்டியது தோண்டியபடி கிடக்கிறது. இன்னொரு பக்கம் மாநில அரசு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை. எல்லாம் என் வரியில்தானே? பெரும் பணக்காரர்களுக்கு மறுபடி செல்வ வரி (சேர்த்துவைத்த சொத்தின் மதிப்பு மேல் போடும் வரி) போட்டுவிட்டு எங்களைக் கொஞ்சம் விட்டால் என்ன?

வடவள்ளி: ஓட்டுக்காகக் கொடுப்பதை நிறுத்தினாலே போதும். கட்டுகிறவன் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஈரோடு கணக்கர்: தம்பி, நான் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். உங்கள் டிடிஎஸ் டெல்லிக்குப் போகிறது. மாநிலங்களோடு பகிரும் தொகுப்பில் 100 ரூபாய் இருந்தால் 41 ரூபாய் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. அதில் தமிழ்நாட்டுக்கு, 2021-26க்கான 15ஆவது நிதிக்குழுக் கணக்குப்படி, 4.079 சதவீதம். அதாவது 1 ரூபாய் 67 காசு. வரிக்கு மேல் கூடுதலாகப் போடும் செஸ்ஸும் சர்சார்ஜும் அந்தத் தொகுப்புக்குள்ளேயே வராது. உரிமைத்தொகைக்கு மாநிலம் காசு தேடுவது பெரும்பாலும் ஜிஎஸ்டி பங்கு, பெட்ரோல், மது, பத்திரப்பதிவு இவற்றில்தான். ரோட்டுக்கு வார்டு கவுன்சிலரைப் பிடியுங்கள்.

அப்புறம் செல்வ வரி. அந்த ரிட்டர்னை நானே எழுதியிருக்கிறேன். 1957இல் வந்தது, 2015 பட்ஜெட்டில் அப்போதைய நிதி அமைச்சர் அருண் ஜெட்லி எடுத்தார். கடைசி வருஷங்களில் 30 லட்சத்துக்கு மேல் 1 சதவீதம். எதன் மேல்? நகரத்துக் காலிமனை, நகை, கார், கையிருப்பு ரொக்கம் மாதிரியானவை. பங்குகளை 1990களிலேயே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்களிடம் ஒரு அம்மா வருவார். கணவர் வாங்கிப்போட்ட மனைக்கும், மதிப்பீட்டாளர் ஒவ்வொன்றாக எடை போட்ட ஆரம் வளையலுக்கும் வரி கட்டினார். அதே அலமாரியில் பக்கத்து ஃபைல் ஒரு மில் குடும்பம். கோடிக்கணக்கில் பங்கு, அதற்குப் பைசா கிடையாது. நாடு முழுக்க வருஷத்துக்கு ஏறக்குறைய 1,000 கோடிதான் வசூல். அதை அப்படியே திரும்பக் கொண்டுவந்து என்ன செய்ய?

வரியில் உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. 50 லட்சம் சம்பளம் என்றால், வருமான வரியின் புதிய முறையில் 75,000 நிலைக்கழிவு போக, செஸ் சேர்த்து வரி கிட்டத்தட்ட 11 லட்சம். அதே 50 லட்சம், ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த பங்கை விற்ற லாபமாக மட்டும் வந்தால் 6 லட்சம்கூட வராது. விகிதம் 12.5 சதவீதம்தானே.

தையல்கடை அக்கா: எங்களை வரி கட்டாதவர்கள் என்று சொல்லாதீர்கள் தம்பி. 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் அதில் 45 ரூபாய் 61 காசு ஜிஎஸ்டி. கோடீஸ்வரன் போட்டாலும் அதே 45தான். ஆயிரம் ரூபாய் வந்த அன்றே சிலிண்டருக்குப் போய்விடுகிறது, அதிலும் 5 சதவீதம் வரி.

டிமேட் பையன்: கணக்கர் அண்ணா, கம்பெனி வரி கட்டிய பிறகு மிஞ்சுவதுதானே பங்கு விலையில் ஏறுகிறது? ஒரே லாபத்துக்கு இரண்டு தரமா? நார்வே 2022இல் செல்வ வரியை ஏற்றியதும் பெரிய கைகள் சிலர் சுவிட்சர்லாந்துக்குக் குடிபோய்விட்டார்கள். நம் ஆட்களுக்கு துபாய் இன்னும் பக்கம்.

ஈரோடு கணக்கர்: பாதி சரி. ஆனால் அந்தக் கம்பெனி வரியையும் 2019 செப்டம்பரில் 30இலிருந்து 22 ஆக்கினார்களே. வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி குறையும் என்று அரசே சொன்னது. உரிமைத்தொகைக்கு 2025-26 மாநில பட்ஜெட்டில் ஒதுக்கியது 13,807 கோடி. எது இலவசம் என்று வடவள்ளி அண்ணன் சொல்லட்டும்.

மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி போடுகிற மாதச் சம்பளக்காரனை நான் தொடச் சொல்லவில்லை. வருஷ லாபம் 1 கோடியைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் சம்பள விகிதம் போடலாம். பணவீக்கத்துக்குக் கழிவும் கொடுக்கலாம். பங்கை விற்காமல் பிள்ளைக்கு எழுதிவைத்தால் இந்த வரியிலும் சிக்காது. 1985இல் நிதி அமைச்சராக இருந்த வி.பி. சிங் எஸ்டேட் டூட்டியை (இறந்தவர் விட்டுப்போன சொத்தின் மேல் போட்ட வரி) எடுத்ததிலிருந்து வாரிசுக்கு வருவதற்கு வரியே இல்லை. பிள்ளை விற்றால்தான் உண்டு.

கோவைக்காரன்: 1 கோடி என்று கோடு போட்டால் மனைவி, மகன், எச்யூஎஃப் (தனி வரிக் கணக்கு உள்ள இந்துக் கூட்டுக் குடும்பம்) என்று பிரித்துக் காட்டிவிடுவார்களே?

ஈரோடு கணக்கர்: காட்டுவார்கள். மார்ச் மாதம் எங்கள் ஆபீஸுக்கு வந்து பாருங்கள், பாதி வேலை அதுதான்.